எல்லை தாண்டிய தேனீ
தேனீக்கு எல்லை தெரியுமா? தேனெடுக்கும் மசணன் தன் மலையில் போட்ட புகைக்குக் கலைந்த தேனீக்கள், எல்லை ஓடையைத் தாண்டிப்போய் அடுத்த நாட்டு ராஜாவை மூக்கிலேயே கொட்டிவிட்டன. அந்த நாட்டில் ராஜாவைக் காயப்படுத்தினால் கையை வெட்டிவிடுவார்கள். இடுப்பில் சுரைக்குடுவை தொங்க, மசணனைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

“சாமி, புகை போட்டது எங்க மலையிலங்க. அங்க அது குத்தமில்லீங்க.”

“காயம் எங்கே பட்டதோ அந்த நாட்டுச் சட்டம்தானடா செல்லும்!” என்று வீங்கிய மூக்கோடு கத்தினார் ராஜா. சேவகன் அரிவாளை ஓங்கினான்.

“அப்படியே ஆகட்டுங்க. போன வாரம் உங்க விருந்துக்கு மீன் பிடிக்க, உங்க கரையிலிருந்து ஓடையில நஞ்சு கலந்தாங்க. அதைக் குடிச்சு எங்க கரையில ஆடெல்லாம் செத்துப்போச்சு. நஞ்சு கலக்கச் சொன்னவர் அந்தத் தண்ணியைக் குடிக்கணும், அதுதானுங்க எங்க சட்டம்.” மசணன் இடுப்பிலிருந்த குடுவையை அவிழ்த்து ராஜாவிடம் நீட்டினான்.

ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. “இல்லை, இல்லை! காரியம் எங்கே நடந்ததோ அந்த நாட்டுச் சட்டம்தான்!”

“அப்போ என் புகைக்கும் எங்க சட்டந்தானுங்களே?”

சபையே ராஜாவைப் பார்த்தது. ராஜா குடுவையைப் பார்த்தார். “விடுங்கடா அவனை!”

ஓடையைத் தாண்டிய பிறகுதான் மசணனுக்கு உயிரே வந்தது. பாறையில் உட்கார்ந்து, குடுவையிலிருந்த தன் மலைச் சுனைத் தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்தான்.