கீழ்த்துறைத் தண்ணீர்

"அண்ணே, உன் ஊர் கால் கழுவின தண்ணியிலதான் நான் உலை வைக்கிறேன்."

வடிவு இதை முதலில் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். அண்ணன் காதில் விழாதவர் மாதிரி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். இப்போது கூடத்துக்குள் வந்து, அரண்மனைச் சேவகர்கள் எதிரிலேயே, இடுப்பில் கீழ்த்துறைத் தண்ணீர் நிறைந்த குடத்தோடு, ஒரு சொல் மாற்றாமல் மறுபடியும் சொல்லிவிட்டாள்.

"மெதுவாப் பேசு. அரசர் வர்ற நேரம்," என்றார் அண்ணன் திருமேனி.

"வரட்டுமே. அவருக்கும் ஒரு வாய் ஊத்துறேன்."

திருமேனி ஒரு நகரத்தையே கட்டி முடித்தவர். ஆனால் அந்த நாட்டில் ஊரைக் கட்டியதும் பெயர் வைத்துவிட மாட்டார்கள். சனங்கள் குடியேறி, ஒரு மழையும் ஒரு கோடையும் போக வேண்டும். பிறகு கட்டியவர் ஆற்றில் இறங்கி, எல்லோரும் பார்க்க ஒரு கை தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால் ஊருக்கு அவர் பெயர். குடிக்காவிட்டால் ஊருக்கும் பெயரில்லை, அவருக்கும் இல்லை.

இன்றுதான் அந்த நாள்.

குடிப்பது மேல்துறையில், ஆறு ஊருக்குள் நுழையும் இடத்தில். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தண்ணீர், யாருக்குக் கசக்கும்? வடிவு வாழ்க்கைப்பட்டதோ கீழமணலில், நகரச் சுவரைத் தாண்டி ஆறு திரும்பும் கீழ்த்துறையில்.

"சின்னவனுக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. கண்ணு உள்ளே போய்க் கிடக்கிறான். மாமன் கட்டின ஊர்த் தண்ணியில்ல?" என்றாள். "நீ கீழ்த்துறையில வந்து குடி. குடிச்சிட்டு உன் பேரை வச்சுக்கோ. நானே குலவை போடுறேன்."

"சடங்கு தெரியாமப் பேசாதே. எப்பவும் மேல்துறையிலதான்."

"அப்படின்னு யார் சொன்னா?"

இதற்குப் பதில் வேண்டித்தான் திருமேனி குருவின் பக்கம் திரும்பினார். உலகம்மை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் போகிற போக்கையும் ஊர் அமைக்கிற விதத்தையும் திருமேனிக்குக் கற்றுக்கொடுத்தவர். வயதில் அவரைவிட இளையவர். அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் பலர். திருமேனி ஒருநாளும் சிரித்ததில்லை.

"அம்மை, நீங்களே சொல்லுங்கள். எந்தத் துறை?"

உலகம்மை எழுந்தார். சடங்குக்குப் போட்டிருந்த மணைப்பலகையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"நடப்போம்."

மேல்துறைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலப்பக்கம் திரும்பினார். சேவகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தூரத்தில் அரசர் வரும் முரசு கேட்டது. திருமேனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

தெரு முழுக்கப் புங்கமர நிழல்.

"நல்ல நிழல்," என்றார் உலகம்மை.

"தெருவுக்குத் தெரு வைத்தேன், அம்மை."

"முக்குக்கு முக்கு சுமை இறக்கி வைக்கக் கல். அதுவும் நல்லது."

"வண்டி வந்தால் நடப்பவர்கள் ஒதுங்க இடம் விட்டிருக்கிறேன்."

"பார்த்தேன்."

"வாய்க்கால் எல்லாம் மூடி போட்டது. நாற்றம் வருகிறதா, சொல்லுங்கள்."

"வரவில்லை."

"வரும், வரும். கொஞ்சம் பொறுங்க," என்றாள் பின்னால் வந்த வடிவு.

ஒவ்வொரு பாராட்டுக்கும் திருமேனியின் நடை மெதுவானது. இந்த அம்மாள் ஒன்றை இப்படி வரிசையாகப் பாராட்டி அவர் கேட்டதே இல்லை.

அரசியின் நந்தவனத்தைக் கடந்து, சுவரில் இருந்த சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

கதவு திறந்ததுமே முகத்தில் அடித்தது. நகரத்தின் வாய்க்கால்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வாயாக அங்கே ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தன. சாயத் தண்ணீர், சாணித் தண்ணீர், குளித்தது, துவைத்தது, சொல்லக் கூசுவதும். நுரை கரையெல்லாம் ஏறி நின்றது.

திருமேனியின் கை தானாக மேல்துண்டை எடுத்து மூக்கில் வைத்தது.

"பொத்தாதே அண்ணே. உன் வீட்டுச் சரக்குதான்."

கட்டும்போது அவர் இங்கே வந்ததுண்டு. தண்ணீர் திறந்துவிட்ட பிறகு எட்டிப் பார்த்ததில்லை. விருந்து வைத்தவர் எச்சில் இலை விழும் இடத்தைப் போய்ப் பார்ப்பாரா என்ன?

"நகரப் படத்தில் இந்த வாய்க்காலை எதுவரைக்கும் வரைந்தீர்கள்?" என்று கேட்டார் உலகம்மை.

"சுவர் வரைக்கும்."

"அதற்கு அப்புறம்?"

"படம் வரைந்த துணி அங்கே முடிந்துவிட்டது, அம்மை."

"ஆறு?"

திருமேனி கரையில் ஏறி நின்ற நுரையைப் பார்த்தார்.

"கோரைக் குளம் எங்கே?"

அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். கழிவுநீரைக் கோரை அடர்ந்த குளத்தில் தேக்கித் தெளியவைத்து, வாழைத்தோப்புக்குப் பாய்ச்சி, மிஞ்சியதைத்தான் ஆற்றில் விட வேண்டும். அவர் கற்ற முதல் பாடம் அது. முதல் படத்தில் குளம் இருந்தது.

"அரசி ஜன்னலைத் திறந்தால் பூ தெரிய வேண்டும் என்றார்கள். நந்தவனத்துக்கு வேறு இடம் இல்லை," என்றார். பிறகு குரல் இறங்கியது. "குளத்தை எடுத்த அன்று படத்தை உங்களிடம்தான் முதலில் காட்டினேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே, அம்மை."

வடிவு சட்டென்று குருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லவில்லை," என்றார் உலகம்மை.

மணைப்பலகையைக் கரைச் சேற்றில் போட்டார். அது பாதி புதைந்து நின்றது.

மேல்துறையில் முரசு நின்றுபோயிருந்தது. இப்போது மறுபடியும் கேட்டது, இந்தப் பக்கமாக. கதவுக்குள்ளிருந்து சனங்கள் ஒவ்வொருவராக வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேல் அரசரின் வெண்குடை தெரிந்தது.

"அம்மை," திருமேனி குருவின் பக்கத்தில் போய் நின்றார். "இன்று மட்டும் மேல்துறையில் குடித்துவிடுகிறேன். நாளைக்கே நந்தவனத்தை வெட்டிக் குளம் எடுக்கிறேன். சத்தியமாக."

"நாளைக்கு ஊருக்குப் பெயர் வந்திருக்கும்."

"அப்படியானால் இதைக் குடிக்கச் சொல்கிறீர்களா? என் தங்கை பிள்ளை கிடக்கிற கிடை தெரிந்துமா?"

"உங்களுக்கு இரண்டாவது கை."

உலகம்மை பலகைமேல் ஏறி நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, வடிவின் குடத்துக்கு நேராக நீட்டினார்.

"முதல் கை, படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவளுக்கு. ஊற்று, வடிவு."

காலையிலிருந்து வாய் மூடாத வடிவு, குடத்தின் வாயை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டாள். முரசு நின்றது. திருமேனி தங்கையைப் பார்த்தார், நீட்டிய கைகளைப் பார்த்தார், தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"ஊற்று அம்மா," என்றார் உலகம்மை மறுபடியும்.