தளர்ந்த தந்தி

ராஜாக்கள் ஆண்ட காலத்துப் பாரிஸில் வார்னே பிரபு பெரிய இசைமேதை. அவர் பெயரில் வந்த இசை அத்தனையும் எழுதியவன் லூசியேன், கரீபியத் தீவில் பிறந்த கறுப்பினக் கலைஞன். எழுதுவான், வயலினில் வாசிப்பான், தாளின் தலையில் பிரபுவின் பெயரையும் அவனே எழுதுவான்.

"நாளைக்கு மதியம் சீமாட்டி வருகிறார். புதிதாக ஒன்று வேண்டும். உன் முகம் சபையில் தெரியக்கூடாது, வேறு ஆள் வாசிப்பான்" என்றார் பிரபு.

"உத்தரவு, பிரபுவே" என்றான் லூசியேன்.

மறுநாள் வந்த வித்வான் வில்லை இழுத்ததும் சபையே காதைப் பொத்தியது. கதவுக்குப் பின்னால் லூசியேன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறேன்!" என்று சீறினார் வித்வான்.

"படியெடுத்தவன் கெடுத்துவிட்டான்" என்றார் பிரபு.

"கூப்பிடுங்கள் அவனை" என்றார் சீமாட்டி.

லூசியேன் வந்தான். வித்வானின் வயலினை வாங்கி, சபைக்கு முதுகைத் திருப்பி ஒரு தந்தியைத் தளர்த்திக்கொண்டு அதே தாளை வாசித்தான். சபை மூச்சுவிட மறந்தது.

"தாளில் தப்பே இல்லை, அம்மணி. ஒரு தந்தியைத் தளர்த்திக்கொண்டு வாசிக்கும்படி எழுதுவது பிரபுவின் வழக்கம். இதுவரை நானே வாசித்ததால் வெளியே தெரியவில்லை. இன்றைக்கு வித்வானிடம் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது."

"அப்படியா? எந்தத் தந்தி, பிரபுவே?"

பிரபு துணிந்து மெல்லிய தந்தியைத் தொட்டார். வித்வான் மீட்டிப் பார்த்தார்; தளர்ந்திருந்ததோ தடித்த தந்தி. சபை கொல்லென்று சிரித்தது.

சீமாட்டி தாளிலிருந்த பிரபுவின் பெயரை அடித்துவிட்டு லூசியேனிடம் பேனாவை நீட்டினார். "உங்கள் பெயரை எழுதுங்கள்."

லூசியேன் அதை வாங்கவில்லை.

"இத்தனை வருஷம் அவர் பெயரை நான் எழுதினேன், அம்மணி. என் பெயரை அவர் எழுதட்டும்."