ஊருக்குப் போகத் துடித்த நீர்நாய்

மலையடிக் காட்டில் ஒரு மடு இருந்தது. மடுவை ஒட்டி விலங்குகளின் பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே முதலாம் ஆண்டு கணினி வகுப்பில் துழாவி என்ற நீர்நாய் படித்துக்கொண்டிருந்தது.

கணினி எங்கே என்று கேட்டுவிடாதீர்கள்! முதல் பருவத்தில் அதைத் தொடவே விட மாட்டார்கள். அந்தப் பருவம் முழுக்க ஒரே பாடம்தான். அமைப்புப் பகுப்பாய்வு என்று அதற்குப் பெயர். ஒரு வேலை இப்போது எப்படி நடக்கிறது, யாரிடமிருந்து யாருக்கு என்ன போகிறது, சிக்கல் எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கட்டமும் அம்புக்குறியுமாகப் படம் போட வேண்டும். அதற்கு அப்புறம்தான் புது ஏற்பாட்டைப் பற்றி வாயே திறக்கலாம்.

துழாவிக்கு அதில் மனம் ஒட்டவில்லை. உடம்பு வகுப்பில் இருந்தது, உயிர் ஊரில் இருந்தது. மடுவிலிருந்து புறப்படும் ஓடை வழியே நீந்திப் போனால் பெரிய ஆறு வரும். அங்கேதான் அதன் அம்மாவும் தங்கைகளும் இருந்தார்கள். விடிந்ததும் எல்லோரும் சேர்ந்து மீன்களை வளைத்து விரட்டுவார்கள். அந்த ஆரவாரம் துழாவியின் காதிலேயே இருந்தது. இங்கே மடுவில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் தனியாகப் பிடித்த மீன் அதற்கு ருசிக்கவில்லை.

கோடை ஏறிக்கொண்டே போனது. ஓடையும் இறங்கிக்கொண்டே போனது. அது வற்றிவிட்டால் அடுத்த மழை வரை ஊருக்கு வழி இல்லை. அதற்குள் செய்முறை வேலையை முடித்துவிட்டால் விடுப்பு உண்டு. முடிக்காதவர்களுக்குக் கோடை முழுக்க மடுக்கரைதான்!

வகுப்பு எடுத்தது ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், பேச்சிலும் செதில். அது துழாவியைக் கூப்பிட்டது.

"மடுவுல தண்ணி குடிக்கிற ஏற்பாட்டைப் பத்தி மான்களெல்லாம் குறை சொல்றாங்க. அதை நீ எடுத்துக்கோ. என்ன நடக்குதுன்னு பார்த்து, படம் போட்டுக் கொண்டா!"

"சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் ஊருக்குப் போகலாமா, சார்?"

"முதல்ல முடி!"

துழாவி நேரே செவ்வந்தியிடம் ஓடியது. செவ்வந்தி புள்ளிமான் கூட்டத்துக்கு மூத்தவள். அவளுடைய குட்டி அவள் காலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"அக்கா, தண்ணி குடிக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? என்ன வேணும்? சட்டுனு சொல்லுங்க!"

"என்னத்தைச் சொல்ல! நாங்க வர்ற நேரத்துக்கே அந்த மந்திக் கூட்டமும் வருது. மேல மரத்துல உட்கார்ந்து ஒரே கூச்சல். கீழ இறங்கினா குதிச்சுக் குதிச்சுத் தண்ணியைக் கலக்கிடுதுங்க. சேத்தைத்தான் குடிக்கிறோம். அதுங்க இல்லாம நிம்மதியா குடிக்க முடிஞ்சா போதும்ப்பா!"

துழாவிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. இவ்வளவுதானா! ஆளுக்கொரு நேரம் என்று மணலில் கட்டம் போட்டது. காலையில் மான்கள், உச்சிப்பொழுதில் மந்திகள், சாயங்காலம் பன்றிகள். நடுவில் நாலு அம்புக்குறி. அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதைதான். ஆனால் பார்ப்பதற்குப் படம் கண்ணாடி போல இருந்தது.

அழுங்கு படத்தைச் சுற்றி வந்து பார்த்தது.

"சரி, ஒரு நாள் காலையிலயாவது கரையில உட்கார்ந்து நேர்ல பார்த்தியா?"

"தினமும் உட்கார்றேன், சார்!"

அதில் பொய் இல்லை. துழாவி தினமும் கரையில் உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அதன் கண் ஓடைத் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதிலேயே இருந்தது. எதிரே மான்களும் மந்திகளும் என்ன செய்தன என்று கேட்டிருந்தால் அதற்கு ஒன்றும் சொல்லத் தெரிந்திருக்காது.

"அப்போ நாளைக்கே இதை நடத்திப் பார்ப்போம். நீ கிளம்பு," என்றது அழுங்கு.

மந்திகளுக்கும் செய்தி போனது. மந்தித் தலைவனுக்கு முகம் சுருங்கியது.

"நாங்க வேண்டாம்னு மானே சொல்லிடுச்சா? சரி! அப்போ எங்களுக்கு இந்த மடுவே வேண்டாம்!"

கூட்டத்தை அழைத்துக்கொண்டு அது மலை மேலிருந்த சுனைக்குப் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் துழாவி ஓடையில் இறங்கியது. தண்ணீர் வயிற்றைத் தொடும் அளவுக்குத்தான் இருந்தது. இருந்தாலும் ஓடை ஓடியது! 'அம்மா, வந்துட்டேன்!' என்று மனதுக்குள் கூவிக்கொண்டே அது நாணல் புதரைக் கடந்தது.

புதருக்குள் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சளில் கறுப்புப் புள்ளிகள். சிறுத்தை!

துழாவி திரும்பிப் பார்த்தது. மான்கள் தலையைக் குனிந்து நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் அவற்றுக்கு வாடை எட்டவில்லை. மேலே மரம் வெறுமையாக இருந்தது. சிறுத்தை தலை தெரிந்ததுமே கத்துவதற்கு அங்கே மந்தி இல்லை.

அப்போதுதான் துழாவிக்கு உறைத்தது. செவ்வந்தி சொன்ன அந்தக் கூச்சல்தான் மான்களுக்குக் காவல்! மந்திகள் கீழே இறங்கும்போது மானின் மூக்கு அவற்றுக்குக் காவல். அது தினமும் நடந்ததால் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. படத்தில் போட வேண்டிய முக்கியமான அம்பு அதுதான். அதைத்தான் துழாவி வெட்டி எறிந்திருந்தது.

துழாவி உயிரைக் கொடுத்துச் சீழ்க்கை அடித்தது. நீர்நாய்க்கு ஆபத்து என்றால் அதுதான் குரல். ஆனால் அது மான்களுக்குத் தெரியுமா?

"நம்ம துழாவி ஊருக்குப் போற சந்தோஷத்துல பாடுது!" என்று சிரித்துவிட்டுச் செவ்வந்தி மறுபடி தலையைக் குனிந்தாள்.

முன்னே ஓடை. பின்னே மான்குட்டி. துழாவி யோசிக்கவில்லை. கரையேறி, குட்டைக் கால்களால் தத்தித் தத்தி ஓடியது.

"சிறுத்தை! ஓடுங்க! சிறுத்தை!"

மான்கள் சிதறின. சிறுத்தை பாய்ந்தது. அதன் நகம் குட்டியின் பின்னங்காலைக் கிழித்தது. ஆனாலும் குட்டி தப்பித்துவிட்டது. மஞ்சள் உடம்பு ஏமாற்றத்தோடு புதருக்குள் மறைந்தது.

குட்டியின் காலைச் செவ்வந்தி நக்கிக்கொண்டிருந்தாள். துழாவியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுங்கு வந்தது. திட்டப் போகிறது என்று துழாவி தலையைக் குனிந்தது.

"நீ சொன்னதை நானும் சோதிச்சுப் பார்த்திருக்கணும். தப்பு எனக்கும்தான். ஓடையில இன்னும் தண்ணி இருக்கு. போறதா இருந்தா இப்பவே போ," என்றது அழுங்கு.

துழாவி ஓடையைப் பார்த்தது. போய்விடலாம் என்று கால் துடித்தது. 'போனால் மந்திகளை யார் கூட்டி வருவார்கள்? அவர்களைக் கோபப்படுத்தியதே என் படம்தானே?'

"நான் இருக்கேன், சார்," என்றது. சொல்லும்போதே அதற்கு அழுகை வந்துவிட்டது.

அது மலையேறிச் சுனைக்குப் போனது. நீர்நாய் மலையேறுவதைப் பார்த்து மந்திக் குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"தலைவரே, மான் மேல தப்பில்லை. நான் அரைகுறையாக் கேட்டேன், அவங்க அரைகுறையாச் சொன்னாங்க. நீங்க இல்லாததால சிறுத்தை வந்தது யாருக்கும் தெரியலை, மான்குட்டிக்குக் கால் போகப் பார்த்துச்சு."

மந்தித் தலைவன் கையைக் காட்டிக் குட்டிகளின் சிரிப்பை அடக்கியது.

"குட்டி நடக்குதா?" என்று கேட்டது.

"நொண்டுது. ஆனா நடக்குது."

"சரி, வர்றோம்."

அதற்குப் பிறகு துழாவி கரையில் உட்கார்ந்து நிஜமாகவே பார்த்தது. யார் எங்கே நிற்கிறார்கள், யார் கத்தினால் யார் திரும்புகிறார்கள், கலங்கிய தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று எல்லாம் பார்த்தது. பழைய படத்தை அழித்துவிட்டுப் புதிது போட்டது. இருவரும் ஒரே நேரத்தில் வரலாம். மான்கள் மடுவுக்குத் தண்ணீர் சுரக்கும் ஊற்றுப் பக்கம் குடிக்கட்டும், மந்திகள் தண்ணீர் வெளியேறும் ஓடைப் பக்கம் இறங்கட்டும். கலங்கல் மான்கள் பக்கம் வராது. கூச்சல் மட்டும் வரும்!

ஏற்பாடு பிடித்துக்கொண்டது. சிறுத்தை ஒரு நாள் காலையில் எட்டிப் பார்த்தது. மரத்திலிருந்து எழுந்த கூச்சலில் வந்த வழியே திரும்பிப் போனது. எல்லோரும் துழாவியைக் கொண்டாடினார்கள். துழாவிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குள் ஓடையில் மணல்தான் மிச்சம் இருந்தது.

செவ்வந்தி அதன் அருகில் வந்து நின்றாள்.

"முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு? உனக்கு என்ன வேணும், துழாவி?"

"அம்மாவைப் பார்க்கணும்க்கா."

"அதுக்கு எங்களால ஒண்ணும் செய்ய முடியாதேப்பா."

"தெரியும்க்கா. ஆனா நீங்க நின்னு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டீங்க. அன்னிக்கு நான் உங்களை அப்படிக் கேட்கலை."

சொல்லிவிட்டு அது விம்மி விம்மி அழுதது. அழுது முடியும் வரை செவ்வந்தி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

தன் ஏக்கத்தைக் கண்ணில் கட்டிக்கொண்டு பார்ப்பவருக்கு, எதிரே இருப்பவரின் தேவை தெரியாது.