பாறை மேல ஏறி லீவு கேட்ட எருமை

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. கசமுசான்னு பேசிக்கிட்டே இருந்தா கதை எந்திரிச்சு வீட்டுக்குப் போயிரும். ஏலே முத்தழகு, அந்த முறுக்க ஒண்ணு முழுசா தின்னுரு, இல்ல கீழ வை. நீ கடக்குமுடக்குன்னா எனக்கு நரிக் குரலு வராது. அங்கம்மாக்கா, நீங்க அப்பிடியே செவுத்துல சாஞ்சுக்கங்க. மில்லுல நின்னுட்டு வந்த காலு. வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசாத ஆளு அவங்க ஒருத்தங்கதான். பாத்துக் கத்துக்கங்க.

ஒரு காட்டுல ஒரு ஏரி. மழைக்கு முன்னாடி அதோட கரைய உசத்தணும். இல்லன்னா தண்ணி நிக்காது. அந்த வேலைக்கு மேஸ்திரி ஒரு நரி. பாறை உச்சில உக்காந்துக்கிட்டு, "கண்ணுகளா, செல்லங்களா"ன்னு தேனா ஒழுகும். கரைக்கு மண்ணு சொமக்காதவங்களுக்கு கோடைல தண்ணி கெடையாதுன்னு அந்தத் தேன்லயே சொல்லும்.

பள்ளத்துலேருந்து மண்ண முதுகுல ஏத்திக்கிட்டு வரணும். கரைல கொட்டணும். கொட்டுன மண்ண நல்லா மிதிக்கணும். மிதிச்சாத்தான் மண்ணு இறுகும்.

மொதல்ல ஒரு நாளைக்கு இருவது நடை. அப்புறம் முப்பது. அப்புறம் நாப்பது. மேகம் கெளம்பிருச்சுன்னு நரி சொல்லும். நிமிந்து பாத்தா வானம் தொடச்சு வச்ச தட்டு மாதிரி இருக்கும்.

யாராவது மூச்சு வாங்க நின்னா, ஆள்காட்டிக் குருவி ஒண்ணு பறந்து பறந்து கத்தும். "நின்னுட்டா, நின்னுட்டா, நின்னுட்டா!"

அங்க ஒரு எருமை. இப்பத்தான் கன்னு போட்ட கைக்கன்னுக்காரி. வேலை முடிஞ்சு படுத்தாலும் அவ காலு நிக்கல. தூக்கத்துலயும் மண்ண மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு. தூக்கம் போச்சு, தீனி போச்சு, கண்ணு ரெண்டும் குழி விழுந்துச்சு. ஒரு நாள் காய்ச்சலும் வந்துருச்சு. மடில பாலு வத்திக்கிட்டே போவுது. கன்னு முட்டி முட்டிப் பாத்துட்டு சும்மா நிக்குது.

கூட மண்ணு சொமக்குற கழுதைதான், "அக்கா, ரெண்டு நாளு லீவு கேளு. இல்லன்னா நீயும் இருக்க மாட்ட, கன்னும் இருக்காது"ன்னு சொன்னான்.

ஆனா நரிகிட்ட ஒரு சட்டம் இருந்துச்சு. சீக்குன்னு லீவு கேக்குறவங்க பாறை உச்சிக்குத் தானே ஏறி வந்து கேக்கணும்.

எருமை ஏறுனா. நாலு அடிக்கு ஒரு தரம் நின்னு, நாக்குத் தள்ளி, உச்சிக்குப் போறதுக்கு உச்சி வெயிலாயிருச்சு. நரி அவள மேலயும் கீழயும் பாத்துச்சு.

"என்ன தாயி?"

"காய்ச்சலுங்க. ரெண்டு நாளு படுத்துக்கிறேன்."

"இம்புட்டு ஒசரம் ஏறி வந்திருக்க. ஏறுற ஒடம்புக்கு என்ன தாயி காய்ச்சல்? போ, நடை ஆறு பாக்கி."

மறுநாளு கழுதைக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. அவனால பாறை ஏற முடியல. அடிவாரத்துலயே விழுந்து கெடந்தான். சொல்லாம கொள்ளாம நின்னுட்டான்னு நரி அவனுக்கு அஞ்சு நடை கூடப் போட்டுச்சு. ஏறுனவங்களுக்குச் சீக்கு இல்ல. ஏறாதவங்க லீவே கேக்கல. முடிஞ்சுதா கணக்கு?

நரி நேரா காட்டு ராசா சிங்கத்துகிட்ட போயி, நம்ம கரைல இந்த வருசம் ஒருத்தருக்குக்கூட சீக்கு இல்லைங்கன்னு சொல்லுச்சு. சிங்கம் பூரிச்சுப்போயி நரி கழுத்துல ஒரு ஆவாரம்பூ மாலையப் போட்டுச்சு.

கீழ கரைல எல்லாம் இருமிக்கிட்டே நடந்துச்சுங்க. ஒருத்தன் இருமல் அடுத்தவனுக்கு, அடுத்தவன் காய்ச்சல் அதுக்கடுத்தவனுக்கு. மண்ணக் கொண்டாந்து கொட்டுனாங்க. மிதிக்கத்தான் காலு இல்ல. ஏமாத்தணும்னு யாரும் நெனைக்கல. வச்ச காலு திரும்ப எந்திரிக்கல, அம்புட்டுத்தான். பாறை மேலேருந்து பாத்தா கரை என்னமோ நல்லா ஒசரமாத்தான் தெரிஞ்சுச்சு.

ஒருநாளு நெசமாவே மேகம் கெளம்பிருச்சு. நரி மாலையோட கரைல நின்னு, சிங்கத்துக்குச் சுத்திக் காட்டுது. ரெண்டு இடி, ஒரு பாட்டம் மழை. மிதிக்காத மண்ணு சீனி மாதிரி கரைஞ்சுது. கரை போச்சு, ஏரி போச்சு, நரியும் கூடவே போச்சு. சிங்கம் ஒரு தாவு தாவித் தப்பிச்சுருச்சு.

எருமைதான் நரியோட வாலக் கவ்வி இழுத்துப் போட்டா. நரி வெடவெடன்னு நடுங்குது. "தாயி, ஒடம்பு கொதிக்குது. என்னைக் குகைல கொண்டுபோயி விட்ரு தாயி."

"பாறை மேல ஏறி லீவு கேளுங்க சாமி"ன்னா எருமை. சொல்லிட்டு கன்னுகிட்ட போயி அப்பிடியே சாஞ்சுட்டா.

நரி நெசமாவே ஏறிப் பாத்துச்சு. மூணாவது அடில சுருண்டுருச்சு. ஆள்காட்டிக்குப் பழக்கதோசம் விடுமா? "நின்னுட்டான், நின்னுட்டான், நின்னுட்டான்!"

அந்தக் கோடைல ஏரில நாக்க நனைக்கக்கூடத் தண்ணி இல்ல. எல்லாம் அடுத்த காட்டுக்கு நடந்துச்சுங்க. எருமைக் கன்னு எலும்பும் தோலுமா அம்மா வாலுக்குப் பின்னாலயே போச்சு.

சிங்கத்துக்கு அப்பத்தான் புத்தி வந்துச்சு. அடுத்த வருசம் எல்லாம் திரும்பி வந்து கரை வேலை ஆரம்பிக்கிறப்ப சட்டத்த மாத்திருச்சு. இனிமே யாரும் பாறை ஏற வேண்டாம், கீழ நின்னே லீவு கேக்கலாம்னு.

கதை அம்புட்டுத்தான். சீக்குன்னு வந்தவங்கள ஏற விட்டு சோதிக்கக் கூடாது, கேட்டா லீவு குடுத்துரணும், அதுதான் நீதி. என்ன, கைதட்டுங்கப்பா.

எல்லாரும் தட்டுனாங்க. அங்கம்மாக்கா மட்டும் தட்டல. மூடுன கண்ணத் தொறக்காமலே கேட்டாங்க.

"தம்பி, புதுச் சட்டத்துல ஒரு நாளைக்கு எத்தனை நடை?"

"அது... அதே நாப்பதுதாங்க்கா."

"அப்ப லீவ மட்டும் கீழ எறக்கி என்ன செய்ய? நடைய எறக்கச் சொல்லு. எருமைக்குக் காய்ச்சலே வராது."