வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போன இலை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இந்த நிமிஷமே விழட்டும். பந்துப்பூக் கிழங்கு கப்பலில் வந்தது, அது இது என்று படித்தவர்கள் ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும். அவர்களில் ஒருத்தரும் அன்றைக்கு அங்கே இல்லை.

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. மனிதர் காதில் விழாது, அவ்வளவுதான். தென்காசிப் பக்கம் செண்பகவல்லி என்று ஒருத்தி, அவள் வீட்டுப் பின்பக்கம் ஒரு தோட்டம். வருஷம் முழுக்க நிற்கிற செம்பருத்தி, நந்தியாவட்டை, பூவைக் காட்டாமல் இலையை வைத்தே மினுக்குகிற குரோட்டன்ஸ். இவற்றுக்கு நடுவே மண்ணுக்குள், வருஷத்துக்கு ஒரு தடவை நூல்நூலாகப் பந்துபோல் பூக்கிற பந்துப்பூவின் கிழங்கு ஒன்று. அந்தக் கிழங்குக்குள் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் குடியிருந்தார்கள். அண்ணன் இலை. தங்கை பூ. அவள் அப்போது தும்பையைவிட வெள்ளை.

கோடையின் முதல் மழை விழுந்ததும் அண்ணன்தான் முன்னால் போவான். மண்ணைத் திறந்து, பச்சையாக விரிந்து நிற்பான். அதற்குப் பிறகுதான் தங்கை அவன் மறைவில் தலையை நீட்டுவாள். இலைத்துணை இல்லாமல் ஒரு பூ வெளியே வந்தது என்று அந்தத் தோட்டத்தில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அப்படி ஒன்று நடக்கலாம் என்று குரோட்டன்ஸ்கள் பேச்சுக்குக்கூடச் சொல்ல மாட்டா.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சித்திரை முடியப் போகிறது, ஒரு துளி இல்லை. மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு நாள் காலையில் மண்புழுச் சித்தப்பா மூச்சிரைக்க வந்து கிழங்கின் தோலைத் தட்டினார். மேலே செண்பகவல்லி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாராம். மண்புழுவுக்கு ஏது காது என்று குறுக்கே கேட்கக் கூடாது.

“போன வருஷம் இந்த இடத்துல என்னமோ நின்னுச்சு, இப்ப ஒண்ணையும் காணோம். கஞ்சியைக் குடிச்சிட்டு வந்து கொத்திப் போட்டுட்டு வெண்டை ஊனிருவேன்.” இதுதான் அவள் சொன்னது.

ஆக, அவள் கஞ்சி குடிக்கிற நேரம்தான் மிச்சம். அதற்குள் மண்ணுக்கு மேலே ஏதாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மண்வெட்டி நடுக்கிழங்கில் இறங்கும், மிச்சம் குப்பைக்குழிக்குப் போகும். ரெண்டு துண்டானாலும் நான் எப்படியாவது பிழைத்துக்கிடுவேன், உங்க பாடுதான் தெரியவில்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டுச் சித்தப்பா நழுவினார்.

அண்ணன் மண்ணை முட்டிப் பார்த்தான். மூக்கு மடங்கியது. தங்கை ஒரு யோசனை சொன்னாள். தன் நுனி கூர்மை, அதனால் தான் முன்னால் நின்று குத்துவதாகவும், அவன் பின்னாலிருந்து தள்ள வேண்டும் என்றும், மண் விண்டதும் அவன் முந்திக்கொண்டு வெளியே போய்விடலாம் என்றும். அது அவன் காதில் ஏறவே இல்லை. அவன் நினைப்பெல்லாம் துவைக்கிற கல்லடியில் கசியும் ஈரத்தில் இருந்தது. வேர்வழியாக ஓடிப்போய் ஒரு வாய் ஈரம் கொண்டுவந்தால் மண் இளகிவிடும்.

கிளம்புகிறவன் போறேன் என்று சொல்லலாமா? நல்ல வீட்டில் பிறந்தவன் சொல்வானா? தங்கை திரும்பி உட்கார்ந்து தன் நூறு நூலிதழையும் நீவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்து, “அப்ப நான் வர்றேன் தங்கச்சி” என்றான்.

யோசனைக்குச் சம்மதித்துவிட்டான், பின்னால் வருகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். “வாங்கண்ணே” என்றாள்.

வர்றேன் என்று விடைபெறுகிறவனை வாங்க என்றுதானே அனுப்புவார்கள். முறையாக வழியனுப்பிவிட்டாள் என்று அவன் கீழே ஓடினான். முறையாகக் கூப்பிட்டாகிவிட்டது என்று அவள் மேலே கிளம்பினாள்.

அண்ணன் தோள்கொடுக்கிறான் என்கிற தைரியத்தில் அவள் குத்தின குத்து சாதாரணக் குத்து இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவனுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே குத்தினாள். மண் விண்டது. போன வேகத்தில் அவளால் நிற்க முடியவில்லை. ஒரு முழ உயரத்துக்கு எழும்பித்தான் நின்றாள்.

தோட்டம் அப்படியே உறைந்துபோனது. கூவத் தொடங்கிய குயிலுக்குப் பாதிக் கூவல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வரிசையாகப் போன எறும்புகளில் முதல் எறும்பு நிற்க, பின்னால் வந்த நாற்பதும் ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஏற்கெனவே வெளுப்பான நந்தியாவட்டை இன்னும் வெளுத்தது. கடைசியில் ஒரு கிழட்டுக் குரோட்டன்ஸ்தான் மெதுவாகக் கேட்டது.

“ஏட்டி... உன் இலை எங்கட்டி?”

அவள் குனிந்து பார்த்தாள். மண் வரைக்கும் மொட்டைத் தண்டு. பின்னால் திரும்பி, அண்ணே என்றாள். யாரும் இல்லை. அப்போது கிழங்கிலிருந்து ஒரு சூடு கிளம்பி, தண்டு வழியாக ஏறி, நூறு நூலின் நுனிக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் வெள்ளை போன இடம் தெரியவில்லை. அத்தனையும் ரத்தச் சிவப்பு. உள்ளே போய்விடலாம் என்று தலையை இழுத்தாள். ஏறின தண்டு இறங்குமா?

அந்த நேரம் பார்த்துச் செண்பகவல்லி மண்வெட்டியோடு வந்தாள். பக்கத்து வீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓங்கினாள். ஓங்கின பிறகுதான் கீழே பார்த்தாள். மண்வெட்டி அந்தரத்தில் நின்று, கையிலிருந்து நழுவி, அவளுக்குப் பின்னால் போய் விழுந்தது. அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“யாத்தி, இது என்னது? இலையும் இல்ல, தழையும் இல்ல...”

கால் மணி நேரத்தில் தெரு முழுக்க அங்கே இருந்தது. யாரோ வீட்டுப் பிள்ளை குச்சியில் பந்தைச் சொருகி வைத்திருக்கிறது என்றார் ஒருவர். தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். செண்பகவல்லி பூவைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். வெண்டை விதை பொட்டலத்தோடு பரண் ஏறியது.

வேர்வழி அவன் நினைத்ததைவிட நீளம்; மூன்றாம் நாள்தான் அண்ணன் ஈரத்தோடு திரும்பினான். வீடு காலி. வெடிப்பு வழியாகப் பதறி ஏறி எட்டிப் பார்த்தவன், தங்கையின் கோலத்தைக் கண்டு கொண்டுவந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டான்.

“சொல்லிட்டுத்தானே போனேன்” என்றான்.

“போறேன்னா சொன்னீங்க? வர்றேன்னுல்லா சொன்னீங்க.”

“அப்படித்தானே சொல்லணும்.”

“நானும் வாங்கன்னுதானே சொன்னேன்.”

அவன் அவசரம் அவசரமாக ஒவ்வோர் இலையாக விரித்து அவளைச் சுற்றிப் பிடித்தான். அடுத்த வருஷம் மூக்கு ஒடிந்தாலும் நானே முன்னால் வருவேன் என்று ஆணையிட்டான்.

“வேண்டாம்ணே. நீங்க தலையை நீட்டியிருந்தா செண்பகவல்லி களைன்னு நினைச்சு ஒரே கொத்தா கொத்தியிருப்பா. இனிமே நானே முன்னால போறேன்.”

குரோட்டன்ஸ் என்ன சொல்லும் என்று அவன் கேட்டான். என்னத்தையும் சொல்லட்டும் என்றாள். சொன்னதென்னவோ பயந்துகொண்டுதான். வருஷம் போகப்போகத் தைரியம் வந்துவிட்டது. வெட்கம் மட்டும் இன்னும் பழகவில்லை.

அன்று முதல்தான் பந்துப்பூ வெறுந்தண்டோடு, முகமெல்லாம் சிவந்து, மொட்டை மண்ணில் திடீரென்று வந்து நிற்கிறது. இலை பிறகுதான் ஓடி வருகிறது.

இதைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிட வேண்டாம். என் வீட்டுக் கிணற்றடி மண்ணுக்குள்ளும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் வெட்கத்தில் தலையே நீட்ட மாட்டாள். இன்னும் நாலு நாளில் அவள் வெளியே வந்தாக வேண்டும்.