பேச்சிமுத்துவின் முதல் எழுத்து

“டீச்சர், இந்தச் சிவப்பு எழுத்து வராம இருக்க என்ன வரி எழுதணும்? அத மட்டும் சொல்லுங்க, போதும்.”

வந்ததும் வராததுமாக இசக்கியப்பன் கேட்டது இதுதான். உட்காரக்கூட இல்லை.

மனுஷருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கண்ணுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கிற ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பொறுப்பு அவருடையது. பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியை வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டவர். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அந்த வயதில் எத்தனை பேர் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்?

டீச்சர் புஷ்பலீலாவுக்கு அவருடைய மகள் வயசு. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அவர் அறை. பைத்தானில் எங்கே மாட்டிக்கொண்டாலும் ஜனங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியேறுவார்கள்.

டீச்சர் பதில் சொல்ல மாட்டார். கேள்விதான் கேட்பார். வந்தவர் எரிச்சலோடு இறங்குவார், பாதிப் படியில் விஷயம் பிடிபடும், திரும்பி ஏறி நன்றி சொல்ல வெட்கப்பட்டு அப்படியே போய்விடுவார். இது ஊரறிந்த சங்கதி.

“அது என்ன சொல்லுது அண்ணாச்சி?” என்றார் டீச்சர்.

“என்னமோ சொல்லுது. முழம் முழமா சொல்லுது.”

“கடைசி வரிய மட்டும் வாசிங்க.”

இசக்கியப்பன் வேண்டாவெறுப்பாக வாசித்தார். அவர் புரோகிராமில் பட்டியல்களைக் கையாள ஏற்கெனவே எழுதிவைத்த பாண்டாஸ் என்கிற லைப்ரரியைப் பயன்படுத்தியிருந்தார். ஒரு ஆளுக்கு ஒரு அடையாளம்தான் இருக்க வேண்டும் என்று அதற்குக் கட்டளை. ஊர், இனிஷியல், பெயர், மூன்றும் சேர்ந்தது அடையாளம். ஒரே அடையாளம் ஒன்றுக்கு மேல் வருகிறது, என்னால் மேலே போக முடியாது என்று அது சிவப்பு எழுத்தில் முரண்டு பிடித்தது.

“அவ்வளவுதான டீச்சர். நம்ம ஜனங்க ரெண்டு தடவ பேரு குடுத்திருக்கு. முகாம்ல சாப்பாடு போட்டா ரெண்டு தடவ வரத்தான் செய்யும்.”

“அது ஒரே பேருன்னு சொல்லுதா, ஒரே ஆளுன்னு சொல்லுதா?”

இசக்கியப்பனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்த அம்மாவிடம் தண்ணீர் கேட்டால் தாகம் என்றால் என்ன என்று கேட்கும் போலிருக்கிறதே என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

அவசரம் அவருக்கு. ஆலடிக்குறிச்சி முகாமில் பார்த்தவர்களில் கண்ணில் அழுத்தம் ஏறியவர்களை வரிசைப்படி ஆபரேஷனுக்குக் கூப்பிட வேண்டும். தாமதித்தால் பார்வை போகும், போனால் திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வரிசை இன்றே வேண்டும்.

“ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்,” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் இணையத்தில் ஒரு குழுவில் அதே கேள்வியைப் போட்டார். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. முகம் தெரியாத புண்ணியவான் யாரோ ஒரே ஒரு வரியைத் தூக்கிப் போட்டிருந்தான். ஒரே அடையாளம் மறுபடி வந்தால் முதலாவதை வைத்துக்கொள், மற்றதைத் தூக்கி எறி.

எழுதினார். ஓட்டினார். சிவப்பு மாயமாகிவிட்டது.

இசக்கியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வரிசை கச்சிதமாக வந்து விழுந்தது. இரட்டைப் பதிவையெல்லாம் ஒரே அமுக்கில் களைந்துவிட்டாரே மனுஷர் என்று ஆஸ்பத்திரிச் செயலாளர் நாலு பேர் முன்னால் தோளைத் தட்டினார். வீட்டுக்குப் போய் இசக்கியப்பன் அதைப் பெண்டாட்டியிடம் இரண்டு விதமாகச் சொன்னார்.

நடுவில் ஒரு நாள் ஆலடிக்குறிச்சியிலிருந்து ஒரு அம்மாள் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வந்தாள். பீடி சுற்றுகிறவள். கூட வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டாகிவிட்டது, என்னைக் கூப்பிடவில்லையே என்று கேட்டாள். இசக்கியப்பன் அவள் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் கேட்டுத் தட்டிப் பார்த்து, நீ இரண்டு தடவை பதிந்திருக்கிறாய், அதனால் ஒன்றை எடுத்தாயிற்று, இன்னொன்று இருக்கிறது, கூப்பிடுவார்கள், போய் இரு என்று விளக்கினார்.

“நான் ஒரு தடவதான் வந்தேன் சார்.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா.”

அவள் போய்விட்டாள். இசக்கியப்பனுக்கு டீ வந்தது, குடித்தார்.

சில வாரம் கழித்து அவர் மறுபடி அந்த மாடிப்படி ஏறினார். இந்தத் தடவை சந்தேகம் கேட்க அல்ல. நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம் கையில். நீங்கள் சொல்லாவிட்டால் என்ன, உலகத்தில் சொல்ல ஆளா இல்லை என்பதை டீச்சரிடம் பக்குவமாகத் தெரிவிக்க வேண்டும், அதற்குத்தான். வரியையும் காட்டினார், அது தூக்கியதையும் பெருமையாகச் சொன்னார்.

டீச்சர் வறுவலைத் தொடவில்லை.

“உங்க அப்பா பேரு என்ன அண்ணாச்சி?”

“சேர்மக்கனி.”

“உங்க இனிஷியல்?”

“சே. இதென்ன கேள்வி?”

“உங்க புரோகிராம்கிட்டக் கேளுங்க.”

கேட்டால் போச்சு. படிவத்தில் தகப்பன் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ முழுசாக இருக்கும். அதில் முதல் எழுத்தை வெட்டி இனிஷியலாக வைக்கிற வரியை அவர் சொந்தமாகவே எழுதியிருந்தார். பைத்தானில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்பதுகூட மறக்காமல் எழுதிய வரி. சேர்மக்கனி என்று அடித்து ஓட்டினார்.

திரையில் ‘ச’ என்று வந்தது.

இசக்கியப்பன் சிரித்துவிட்டார். கொம்பை எங்கே தொலைத்துவிட்டு வந்திருக்கிறது பாருங்கள் என்றார். நமக்குத்தான் ‘சே’ ஒரு எழுத்து, அதற்குச் ‘ச’ தனி, கொம்பு தனி, அதனால் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது என்று டீச்சர் சொன்னார். டீச்சர் வாயிலிருந்து நேரடியாக ஒரு விளக்கம் வந்ததே அபூர்வம். இசக்கியப்பன் அதைக் கவனிக்கவில்லை.

“அந்த ஊர்ல என்னென்ன பேரு இருக்கும்?”

“ஆலடிக்குறிச்சியிலயா? பேச்சிமுத்து, பூலுடையார், பிச்சையா, பால்துரை.”

“ஒண்ணொண்ணா போடுங்க.”

பேச்சிமுத்துவைப் போட்டார். ‘ப’ வந்தது. பூலுடையாரைப் போட்டார். ‘ப’ வந்தது. பிச்சையாவுக்கும் ‘ப’. பால்துரைக்கும் ‘ப’.

“அண்ணாச்சி, இவங்க வீட்டுப் பொம்பளையாளுகளுக்கு என்ன பேரு?”

“அந்த ஊர்ல பேரு வைக்கதுக்கு யோசிக்கவே மாட்டாங்க டீச்சர். இசக்கியம்மன் கோயில் இருக்குல்லா, பொண்ணு பொறந்தா இசக்கியம்மாள்தான். தெருவுல நின்னு கூப்பிட்டா பாதித் தெரு திரும்பும். இனிஷியல வச்சுத்தான் ஆளையே—”

வாய் அப்படியே நின்றுவிட்டது.

அத்தனை பேருக்கும் ஒரே ‘ப’. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

தூக்கி எறிந்தவர்களைத் திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். எளிய வரிதான். அவசரத்தில் தப்புத் தப்பாக விழுந்தது, சிவப்பு சிவப்பாக வந்தது. டீச்சர் உதவவில்லை.

ஒருவழியாகப் பெயர்கள் வந்தன.

“வாசிங்க,” என்றார் டீச்சர். “இனிஷியல் வேண்டாம். முழுப் பேரும்.”

“டீச்சர்.”

“சத்தமா வாசிங்க.”

இசக்கியப்பன் வாசித்தார். பிச்சையா மகள் இசக்கியம்மாள். பால்துரை மகன் இசக்கிமுத்து. பாக்கியநாதன் மகன் இசக்கிமுத்து. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆள் எழுந்து வந்து எதிரே நிற்பதாக அவருக்குப் பட்டது. நிஜமான ஆட்கள். தனித்தனி ஆட்கள். கண்ணைக் காட்டிவிட்டு, கூப்பிடுவார்கள் என்று நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள்.

“பேச்சிமுத்து மனைவி,” என்று தொடங்கினார்.

ஜன்னலில் வந்து நின்றாளே, அவள். பட்டியலில் முதலாவதாக நின்ற பூலுடையார் வீட்டு இசக்கியம்மாளைக் கூப்பிட்டு, ஆபரேஷனும் முடிந்து, அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். பேச்சிமுத்து வீட்டு இசக்கியம்மாளுக்கு வரவேண்டிய அழைப்பு எங்கேயுமே இல்லை. இருக்கிறது, போய் இரு என்று சொல்லி அனுப்பியது இவர்தான்.



“நான் இப்ப என்ன வரி எழுதட்டும் டீச்சர்?”

டீச்சர் லேப்டாப்பை மூடினார். மேசைமேல் கிடந்த இசக்கியப்பனுடைய ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

படியில் இறங்கும்போதே இசக்கியப்பன் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டார். விட்டுப்போனவர்களையெல்லாம் உடனே கொண்டுவரச் சொல்லி டாக்டர் கத்தினார். கத்தியதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு வீடாக ஏற ஆள் அனுப்புகிறேன், பேச்சிமுத்து வீட்டுக்கு மட்டும் நானே போகிறேன் என்றார் இசக்கியப்பன். ஆலடிக்குறிச்சிக்கு ஸ்கூட்டர் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பிற்பாடு கேட்டால் அவருக்கே தெரியாது.

வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் பீடி இலையும் தூளும். இலையை எடுக்கிறாள், தூளை வைக்கிறாள், உருட்டுகிறாள், முனையை மடக்கிக் குத்துகிறாள். கை அத்தனை சுறுசுறுப்பாக ஓடியது.

இசக்கியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, கண் இருக்கிறது, இல்லாவிட்டால் இவ்வளவு வேகமாகச் சுற்ற முடியுமா என்று நினைத்தார். தெய்வமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“யாரு?” என்றாள் அவள்.

முகம் அவர் நின்ற பக்கம் திரும்பவில்லை. பக்கத்துத் தூணைப் பார்த்துக் கேட்டாள். கை மட்டும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னார், தன் பெயரைச் சொன்னார். உடனே வரவேண்டும், டாக்டர் காத்திருக்கிறார், வண்டி வருகிறது என்றார். கண் எப்படி இருக்கிறது என்று எப்படியோ கேட்டும்விட்டார்.

இடது கண் போன வாரத்தோடு போய்விட்டது என்றாள். வலது கண்ணில் புகை மாதிரி ஏதோ தெரிகிறது, பீடிக்குக் கண் தேவையில்லை, கை பழகியிருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவர் அத்தனை தூரம் வந்தது. கைகூப்பினார். கூப்பியது அவளுக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தூணைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க சார். ரெண்டு தடவ பேரு குடுத்தது என் தப்புதான். நானும் ஒக்காந்து ஒக்காந்து யோசிச்சுப் பாக்கேன், எப்ப வந்து ரெண்டாவது தடவ குடுத்தேன்னுதான் ஞாபகத்துக்கு வர மாட்டேங்கு.”