கோர்மக் பொறுக்கிப் போட்ட கற்கள்

எழுபத்தொரு வயதில் கோர்மக் சிஷ்யனாகச் சேர்ந்தார். குரு நூலாவுக்கு வயது முப்பத்தெட்டு. சிரிப்பு வருகிறதா? வரட்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் மண்ணைத் தோண்டிப் பழங்காலத்தைப் படிக்கிறவள் அவள். மண் விஷயத்தில் அவள் சொன்னதுதான் அங்கே சட்டம்.

கடல் அரித்துக்கொண்டிருந்த ஒரு மேட்டில் தோண்டினார்கள். ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போன பச்சைக் குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் தேவாலயக் கல்லறையில் இடம் கிடையாது. பொழுது சாய்கிற நேரத்தில் தகப்பன் தனியாகத் தூக்கிவந்து இந்த மேட்டில் புதைப்பான். மேலே ஒரு வெள்ளைக் கல் வைப்பான். பெற்றவளுக்கு எந்த இடம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். என்ன கொடுமை பாருங்கள்!

கோர்மக்கின் தங்கையும் அங்கேதான் கிடந்தாள். "அவளுக்கு மட்டும் மூணு கல்லு வச்சேன்" என்று சாகும்போது அப்பா சொல்லியிருந்தார். கடல் கொண்டுபோவதற்குள் அவளை அம்மாவின் கல்லறையில் சேர்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த வயதில் மண் சுரண்டும் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

முதல் வாரமே காரியத்தைக் கெடுத்தார். புல்லைச் சீவி எடுத்த மறுநாள், எல்லாருக்கும் முன்னால் வந்து, தரையில் மண் அப்பிக் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி மண்குவியலில் வீசிவிட்டார். ஆயுசு முழுக்க வயலில் கல் பொறுக்கிய கை. சும்மா இருக்குமா?

"ஐயா, இங்க இருந்த கல்லெல்லாம் எங்க?"

"சுத்தம் பண்ணிட்டேன், டீச்சரம்மா!"

நூலா மண்குவியலுக்குப் போனாள். குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் கழுவினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. கோர்மக் அப்படியே மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

அவள் திட்டவில்லை. இரண்டு சல்லடை கொண்டுவந்தாள். இருவரும் நான்கு நாள் அந்தக் குவியலைச் சலித்தார்கள். பதின்மூன்று கல் கிடைத்தது. பிறகு தோண்டியபோது பதினொரு சின்னக் குழிகள் தெரிந்தன. எலும்பு இல்லை. அமிலம் ஏறிய மண் எல்லாவற்றையும் கரைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கறுத்த மண்தான் மிச்சம்.

"எந்தக் குழி அவளோடது, டீச்சரம்மா?"

"தெரியாது, ஐயா. இனிமே தெரியவும் தெரியாது."

"பாவி நான். அம்மாகிட்ட எதைக் கொண்டுபோவேன்?"

நூலா பையிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தாள். முதல் குழியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து அதில் வைத்தாள். பிறகு இரண்டாவது குழிக்குப் போனாள். பிறகு மூன்றாவது.

கோர்மக் பதறிவிட்டார். "மத்த பத்தும் யார் வீட்டுப் பிள்ளைங்களோ!"

"அதுங்களைத் தேடி இதுவரைக்கும் யாரும் வரலையே, ஐயா" என்றாள் நூலா. "பதினொண்ணும் சேர்ந்து வந்து நின்னா, உங்க அம்மா எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்புற ஆளா?"